ரோயிங் பயிற்சி: முழங்கை இழுத்தால்தான் முதுகுக்கு வேலை

முதுகுக்கான பயிற்சி என்று தொடங்கும் ரோயிங், பலருக்குக் கைக்கும் இடுப்புக்குமான பயிற்சியாக முடிந்துவிடுகிறது. ஜூரோங் ஈஸ்ட், ஜூரோங் வெஸ்ட் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடங்கள் ஆகட்டும், ஊழியர் தங்குவிடுதியின் மூலையில் கிடக்கும் இரண்டு டம்பெல் ஆகட்டும், தவறு ஒரே மாதிரிதான். எடை மேலே வரும்போது இடுப்பும் வெட்டி வெட்டி ஆடுகிறது. தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன. மறுநாள் முன்கை வலிக்கிறது, கழுத்து இறுகுகிறது, கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. வலுவாக வேண்டிய நடுமுதுகோ ஒன்றுமே நடக்காதது போல் இருக்கிறது.

ஜூரோங்கில் வேலை செய்பவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்தக் காரணம் உண்டு. 1961ல் சதுப்புநிலத்தைத் திருத்தித் தொழிற்பேட்டையாக உருவாக்கத் தொடங்கிய வட்டாரம் இது. இன்றும் கப்பல் பட்டறைகளும் கிடங்குகளும் ஆலைகளும் நிறைந்த இடம். லாரியிலிருந்து சாமான் இறக்குவதும், கனமான கேபிளை இழுத்துப் போடுவதும், பெட்டிகளை அடுக்குவதும் பிழைப்பாக உள்ளவருக்கு முதுகு போனால் சம்பளம் போனது. அதே ஜூரோங்கில் இன்டர்நேஷனல் பிசினஸ் பார்க் போன்ற இடங்களில் நாள் முழுதும் கணினி முன் குனிந்திருப்பவர்களும் உண்டு. இந்த இரு தரப்பாரும் ரோயிங்கைத் தவறாகச் செய்வதுண்டு. ஆனால் தவறு வேறு வேறு. பகலெல்லாம் இடுப்பால் தூக்கிப் பழகியவர் பயிற்சியிலும் இடுப்பையே வீசுகிறார். கணினியே கதி என்று இருப்பவர் கழுத்தைச் சுருக்கித் தோளை உயர்த்தி இழுக்கிறார்.

உடல் தனக்குப் பழகிய தசையைத்தான் முதலில் கூப்பிடும். எடையைக் கூட்டக் கூட்ட இந்தப் பழக்கம் இன்னும் வலுக்கிறது.

எந்தத் தசைக்கு என்ன வேலை

ரோயிங் என்றால் உடலுக்கு முன்னால் இருக்கும் எடையைத் துடுப்பு வலிப்பது போல உடலை நோக்கி இழுப்பது. பாண்டான் நீர்த்தேக்கத்தில் படகு வலிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அசைவு தெரிந்திருக்கும்.

இதில் பெரிய வேலைக்காரன் லாட்டிசிமஸ் டோர்சை. உடற்பயிற்சிக்கூட வழக்கில் ‘லாட்ஸ்’. முதுகெலும்பின் கீழ்ப்பாதியிலிருந்தும் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தும் விசிறி போல விரிந்து கிளம்பி, அக்குளுக்குக் கீழாகச் சென்று மேற்கை எலும்பில் போய் ஒட்டுகிறது. இந்த ஒட்டும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. லாட்ஸ் முழங்கையைத் தாண்டிப் போவதில்லை. உள்ளங்கையுடன் அதற்குத் தொடர்பே இல்லை. மேற்கையை உடலின் பக்கமாகவும் பின்பக்கமாகவும் இழுப்பதே அதன் வேலை. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்றுநர்கள் “கைப்பிடியை இழுக்காதே, முழங்கையைப் பின்னுக்குக் கொண்டுபோ” என்று சொல்கிறார்கள். விரல்கள் கொக்கி மாதிரி. கொக்கி இழுப்பதில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும்.

அடுத்தது தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகள். முதுகின் மேற்பகுதியில் இரு பக்கமும் முக்கோணமாகப் புடைத்திருக்கும் அந்த எலும்பை முதுகுத்தண்டை நோக்கி இழுப்பவை நடு ட்ரபீசியஸும் அதன் அடியில் மறைந்திருக்கும் ரோம்பாய்டும். ட்ரபீசியஸ் கழுத்திலிருந்து நடுமுதுகுவரை நீளும் பெரிய தசை. அதன் மேல்பகுதி தோளைத் தூக்கும், நடுப்பகுதி பின்னுக்கு இழுக்கும், கீழ்ப்பகுதி கீழே இறக்கும். ரோயிங்கில் தோளைக் காதுவரை உயர்த்துபவருக்கு மேல்பகுதிக்கே அதிக வேலை போகிறது. கழுத்து இறுகுவதன் ரகசியம் இதுதான்.

தோளின் பின்பகுதியும், பைசெப்ஸும், முன்கையும் துணைக்கு வருகின்றன. இவை சிறிய தசைகள், சீக்கிரம் களைத்துவிடும். அவற்றை முன்னால் விட்டு இழுத்தால் முதுகு சூடேறும் முன்பே கை ஓய்ந்துவிடும். கயிறிழுக்கும் போட்டியில் வெறும் கைப்பலத்தை நம்பி இறங்குபவர் முதலில் தளர்வதும் இதனால்தான்.

கடைசியாக முதுகுத்தண்டின் இரு பக்கமும் ஓடும் எரெக்டர் ஸ்பைனே. ரோயிங்கில் இதற்கு அசையும் வேலை கிடையாது. உடலை அசையாமல் நிறுத்திவைப்பதே அதன் கடமை.

முழங்கை போகும் வழி

ஒரே கருவியில் ஒரே எடையை இழுத்தாலும், முழங்கை எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து வேலை செய்யும் தசை மாறும். முழங்கை விலா எலும்பை உரசியபடி, கைப்பிடி தொப்புளை நோக்கி வந்தால் லாட்ஸுக்கு அதிகப் பங்கு. முழங்கை அகன்று, கைப்பிடி நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு வந்தால் தோளின் பின்பகுதிக்கும் நடு ட்ரபீசியஸுக்கும் ரோம்பாய்டுக்கும் அதிகப் பங்கு. இரண்டும் சரியான முறைகளே. கணினி முன் குனிந்தே கிடப்பவர் இரண்டாவதைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்யலாம்.

முழங்கையை எவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. முழங்கை உடலைச் சற்றே தாண்டினால் போதும். அதற்கு மேல் இழுத்தால் தோள் மூட்டு முன்பக்கமாக உருண்டு வருகிறது. முதுகுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காமல் தோளின் முன்பகுதிதான் அழுத்தப்படுகிறது. ‘நெஞ்சு தொட இழு’ என்று நண்பர்கள் ஊக்கப்படுத்துவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தோள்பட்டை எலும்பைப் பயிற்சி முழுதும் பின்னால் பூட்டி வைக்கவேண்டும் என்று சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். எடை தூக்கும் வேறு சில பயிற்சிகளுக்கு அது பொருந்தும். ரோயிங்கில் எலும்பு நகர வேண்டும். எடை முன்னால் போகும்போது அதுவும் முன்னால் சரிந்து, இழுக்கும்போது பின்னால் வந்து சேர வேண்டும். பூட்டிவைத்தால் ட்ரபீசியஸும் ரோம்பாய்டும் நீளவும் சுருங்கவும் வாய்ப்பே இல்லை. ஆனால், முன்னால் போகவேண்டியது தோள்பட்டை மட்டுமே. இடுப்பு கூன் போடக்கூடாது.

கேபிள் கருவியில்

அமர்ந்து இழுக்கும் கேபிள் கருவி புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. பாதங்களைத் தட்டில் ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி, நிமிர்ந்து உட்கார வேண்டும். தொடையின் பின்பகுதி இறுக்கமாக இருப்பவர்கள் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொள்ளலாம். காலை நேராக நீட்டியே தீருவேன் என்று அடம்பிடித்தால் இடுப்பு தானாக வளைந்துவிடும்.

முதலில் தோள்களைக் காதிலிருந்து கீழே இறக்க வேண்டும். பிறகு மூச்சை விட்டபடி முழங்கையைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். கைப்பிடி வயிற்றருகே வந்ததும் ஒரு விநாடி நிறுத்த வேண்டும். இந்த ஒரு விநாடிதான் சோதனை. நிறுத்த முடியாவிட்டால் எடையைத் தசை கொண்டுவரவில்லை, வீச்சு கொண்டுவந்தது என்று பொருள். திரும்ப விடும்போது மூச்சை இழுத்தபடி 2 அல்லது 3 விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக விட வேண்டும். எடைத்தட்டுகள் ‘டங்’ என்று மோதும் சத்தம் கேட்டால் பயிற்சியில் பாதி வீணாகிவிட்டது.

உடல் மேற்பகுதி கொஞ்சம் முன்னும் பின்னும் அசைவதில் தவறில்லை. படகிலிருந்து மல்லாந்து விழுவது போலச் சாய்ந்தால்தான் பிரச்சினை. 40 கிலோவில் அப்படி ஆடினால் 30 கிலோவுக்கு இறங்குவது மானக்கேடு ஆகாது.

டம்பெல், பார்பெல்

ஒற்றைக்கை டம்பெல் ரோயிங்கில் ஒரு கையையும் ஒரு முழங்காலையும் பெஞ்சில் ஊன்றிக்கொள்வதால் முதுகெலும்புக்குத் தாங்கல் கிடைக்கிறது. முதுகு மேசை போல இருக்க வேண்டும். இடுப்பின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்கையைப் பேன்டின் பின்பாக்கெட்டை நோக்கிக் கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டால் பாதை தானாகச் சரியாகும். பலரும் செய்யும் தவறு, ஜெனரேட்டர் கயிற்றை வெடுக்கென்று இழுப்பது போல உடலையே திருப்பி இழுப்பது. அதில் எடை உயரும், லாட்ஸ் தூங்கும்.

டம்பெல் கிடைக்காத தங்குவிடுதியில் 5 லிட்டர் தண்ணீர்க் கேன் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கும் சுலபம். தோள்பையில் அரிசிப் பை வைத்து இழுப்பவர்களும் உண்டு. வார் அறுந்துவிடாதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்பெல் ரோயிங்கிற்கு மரியாதை கொடுத்தே அணுக வேண்டும். இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, முழங்காலைச் சற்று மடக்கி, முதுகை நேராக வைத்து, கம்பியைத் தொடைக்கு நெருக்கமாக மேலே கொண்டுவர வேண்டும். அந்தச் சாய்ந்த நிலையை ஒவ்வொரு சுற்று முடியும்வரை கீழ்முதுகே தாங்குகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டுவர்ட் மெக்கில் உள்ளிட்ட குழு 2009ல் மூன்று வகை ரோயிங்கை ஒப்பிட்டது: குனிந்து நின்று பார்பெல் இழுப்பது, நின்றபடி ஒற்றைக்கையால் கேபிள் இழுப்பது, கம்பியில் மல்லாந்து தொங்கி உடலை மேலே இழுப்பது. கீழ்முதுகெலும்பின் மீது அதிகச் சுமை விழுந்தது பார்பெல் முறையில். மல்லாந்து தொங்கும் முறையில் மேல்முதுகும் லாட்ஸும் மிகுதியாக வேலை செய்தன. முதுகெலும்பின் சுமையோ குறைவாக இருந்தது. சிலரை மட்டும் கொண்டு செய்த சிறிய ஆய்வு இது. இருந்தாலும் பகல் முழுதும் குனிந்து தூக்கிவிட்டு வருபவருக்கு இதில் சேதி இருக்கிறது. எட்டு மணி நேரம் சுமை இறக்கிய நாளில், களைத்த கீழ்முதுகை மறுபடி பார்பெல்லுக்குக் கொடுக்கத் தேவையில்லை. கேபிள், பெஞ்ச், கம்பி ஆகிய மூன்றில் ஒன்று போதும்.

உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கம்பியைப் பிடிப்பது பைசெப்ஸுக்குக் கூடுதல் சுமை. 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற பிரிட்டனின் டோரியன் யேட்ஸ் இந்தப் பிடியில் பார்பெல் ரோயிங் செய்து பெயர் பெற்றவர். 1994ல் அதே பயிற்சியின்போது அவருடைய இடது பைசெப்ஸ் கிழிந்தது. அவ்வளவு தேர்ந்தவருக்கே அந்தக் கதி. எடையைக் கூட்டும் ஆசை வரும்போது உள்ளங்கை கீழ்நோக்கிய பிடிக்கோ, இரு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்க்கும் பிடிக்கோ மாறிவிடுவது பாதுகாப்பு.

புளோக்கின் கீழேயே இருக்கும் பயிற்சி

மல்லாந்து தொங்கி இழுக்கும் பயிற்சி சிங்கப்பூரில் படித்தவர்களுக்குப் புதிதல்ல. பள்ளிகளில் நடக்கும் ‘நாஃபா’ உடலுறுதித் தேர்வில் பெண் பிள்ளைகளும் வயதில் சிறிய பையன்களும் தாழ்வான கம்பியைப் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, 30 விநாடிகளில் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை தங்களை மேலே இழுப்பார்கள். அது ரோயிங்கின் ஒரு வகைதான். தேர்வில் வேகத்துக்கும் எண்ணிக்கைக்கும் மதிப்பெண். தசைக்கு வேண்டியது நிதானம். பள்ளியில் பழகிய வேகத்தை மறந்துவிட்டு, உடலைப் பலகை போல நேராக வைத்து, நெஞ்சைக் கம்பிக்குக் கொண்டுபோய், மெதுவாக இறங்க வேண்டும். இடுப்பு தொய்ந்தால் அந்தச் சுற்று அதோடு முடிந்தது.

வீவக பேட்டைகளின் உடற்பயிற்சி மூலைகளில் இடுப்பு உயரத்திலோ நெஞ்சு உயரத்திலோ கம்பி இருந்தால் அது போதும். கம்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு சுலபம். தாழத் தாழக் கடினம். மூத்தோர் நெஞ்சு உயரக் கம்பியில் கொஞ்சம் மட்டும் சாய்ந்து தொடங்கலாம். மழை பெய்து கம்பி ஈரமாக இருக்கும் நாளில் வேண்டாம்.

இதில் இன்னொரு விஷயம். தேசிய சேவையாளர்களுக்கான ஐபிபிடி உடலுறுதித் தேர்வில் முன்பு கம்பியில் தொங்கி உடலை இழுக்கும் அங்கம் இருந்தது. 2015 முதல் தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்ற மூன்று மட்டுமே. தேர்வுக்குத் தயாராகும் இளையர் தண்டாலை நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள். இழுக்கும் பயிற்சி மறந்துபோகிறது. நெஞ்சு, வயிறு, கை கண்ணாடியில் தெரிகின்றன, முதுகு தெரிவதில்லை என்பதும் ஒரு காரணம். தள்ளும் பயிற்சி எத்தனை சுற்றோ அத்தனை சுற்று இழுக்கும் பயிற்சியும் இருக்கட்டும் என்பது பயிற்றுநர்களிடையே பழகிய கணக்கு.

முதுகு அகன்றுவிடும் என்று பெண்கள் தயங்குவதும் உண்டு. வாரம் இரண்டு நாள் மிதமான எடை இழுப்பதால் யாருக்கும் பயில்வான் முதுகு வந்துவிடாது. கைக்குழந்தையைத் தூக்கிச் சுமக்கும் தாய்க்கு இந்தத் தசைகள் தேவைப்படும் அளவுக்கு வேறு யாருக்கும் தேவைப்படாது.

வீட்டில் ரப்பர் பட்டை கொண்டு செய்வோர் காலை நீட்டி உட்கார்ந்து, பட்டையைப் பாதத்தில் சுற்றி இழுக்கலாம். காலணி அணிந்து, பட்டையைப் பாதத்தில் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். வழுக்கி வந்தால் நேரே முகத்தில் அடிக்கும். பழைய பட்டையில் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சிக்கூடங்களில் சறுக்கும் இருக்கையுடன் இருக்கும் ரோயிங் இயந்திரம் வேறு சாதி. அது மூச்சும் இதயமும் உழைக்கும் பயிற்சி. அங்கே முதலில் கால் தள்ள வேண்டும், பிறகு உடல் சாய வேண்டும், கடைசியில்தான் கை இழுக்க வேண்டும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழ்.

தசை வேலை செய்கிறதா என்று அறிய

எடை இல்லாமலே தொடங்கலாம். ஒருவர் கையை நீட்டி இழுப்பது போல அசைக்க, மற்றவர் அவருடைய அக்குளுக்குச் சற்றுக் கீழே, முதுகின் ஓரத்தில் விரலை வைக்க வேண்டும். லாட்ஸ் இறுகினால் விரலுக்குத் தெரியும். பிறகு குறைந்த எடையில் அதே சோதனை. 2009ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி அனுபவம் இல்லாத பெண்களிடம் மேலிருந்து கம்பியை இழுக்கும் பயிற்சிக்கு முன், எப்படி லாட்ஸால் இழுப்பது என்று சிறிது நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தத் தசையின் செயல்பாடு கூடியது. அந்தச் சோதனையில் எடை குறைவாகத்தான் இருந்தது. எடை கூடும்போது மனம் தசையை விட்டு எடையிடம் போய்விடும்; எனவே கற்றுக்கொள்ளும் வாரங்களில் எடை குறைவாக இருப்பதே நல்லது.

எவ்வளவு செய்வது? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியும், சிங்கப்பூரின் 2022 உடலியக்க வழிகாட்டியும் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. ரோயிங்கில் ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 முறை, மொத்தம் 2 அல்லது 3 சுற்று என்பது தொடங்குபவருக்குப் போதுமான அளவு. 12 முறையும் ஆட்டமில்லாமல் செய்ய முடிந்த பிறகே அடுத்த எடைக்குப் போகலாம். இரவு வேலை முடிந்து தூக்கம் கெட்டிருக்கும் நாளில் ஒரு சுற்றைக் குறைத்தால் குடிமுழுகிப் போகாது.

மறுநாள் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் அக்குளின் பின்பக்கத்திலும் மந்தமாக வலித்தால் அது வேலை செய்த தசையின் வலி. இரண்டு மூன்று நாளில் அடங்கும். தோளுக்குள் குத்துவது போன்ற வலியோ, இழுக்கும் நொடியிலேயே கீழ்முதுகில் சுரீரென்ற வலியோ வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும். வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, வலுவிழந்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவது ஆபத்து. பலதுறை மருந்தகத்தில் காட்ட வேண்டும். அதோடு சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போனாலோ, இரு தொடைகளுக்கு நடுவே உணர்வு குறைந்தாலோ மருந்தகத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். வேலையிடத்தில் சுமை தூக்கும்போது முதுகில் அடிபட்டிருந்தால், அது எப்போது, எப்படி நடந்தது என்பதை மேற்பார்வையாளரிடமும் மருத்துவரிடமும் அன்றே சொல்லிப் பதிய வைத்துவிட வேண்டும். உடற்பயிற்சியில் வந்த வலி என்று பிறகு யாரும் சொல்லிவிட இடம் வைக்கக்கூடாது.